ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்ட பன்மை: மூணாறு 2015, ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ் இலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று, பன்மைக்கு எதிர். 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை அடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தங்கள் கூட்டத்துக்கு வைத்த பெயர் ‘பெம்பிளை ஒருமை’. மலையாளத்தில் ஒருமை என்றால் ஒற்றுமை. பெம்பிளை நம்மூர்ப் பொம்பளைக்கு அக்கா முறை. தலைமுறை தலைமுறையாக மலையாளச் சீமையில் வாழ்கிற தமிழ் வாயில்தான் இப்படி ஒரு பெயர் பிறக்கும். அதைப் ‘பெண்கள் ஒற்றுமை’ என்று திருத்தி எழுத என் கை இரண்டு முறை போனது, பிறகு விட்டுவிட்டேன். அவர்கள் வைத்த பெயரைத் திருத்த நான் யார்?

வேலையிடத்தில் ஆண் பெண் சமத்துவம், சிறுபான்மையினர் தலைமை ஆகியவற்றை ஆராய வருகிற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்த நிகழ்வைத்தான் முதல் பாடமாகக் கொடுக்கிறேன். அவர்கள் எதிர்பார்த்து வருவது வேறு. ஐ.டி. நிறுவனத்தின் மேலாளர் பட்டியல், இயக்குநர் குழுவின் புகைப்படம், அதில் எத்தனை சேலை, எத்தனை கோட்டு என்ற கணக்கு. அந்தக் கணக்கும் வேண்டியதுதான். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட வகை நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு, அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி வைத்த கெடு 2015 ஏப்ரல் 1. கெடு நெருங்கியபோது பல நிறுவனங்கள் குடும்பத்துப் பெண்களையே, மனைவியையோ மகளையோ, நாற்காலியில் உட்காரவைத்துக் கணக்கை முடித்தன. அதே ஆண்டில், ஐந்து மாதம் கழித்து, நாற்காலியே இல்லாத பெண்கள் மூணாற்றில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரண்டு காட்சியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் எதை அளக்கிறோம், எதை அளக்கத் தவறுகிறோம் என்பது கொஞ்சம் பிடிபடும்.

மலையும் கம்பெனியும்

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து மூணாற்றின் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1897இல் கம்பெனி வந்தது. பின்லே என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கைக்குப் போய், டாட்டாவும் பின்லேயும் சேர்ந்து நடத்தி, 1983இல் டாட்டா டீ ஆனது. 2005இல் டாட்டா தோட்டச் சாகுபடியிலிருந்து விலகிக்கொள்ள, ஊழியர்களே பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் உருவானது. கொழுந்து பறிக்கிறவரும் பங்குதாரர் என்பது காகிதத்தில் அழகான ஏற்பாடு. இந்தக் கதையில் அதை மறக்கக் கூடாது: 2015இல் சாலையில் உட்கார்ந்தவர்களில் பலர் அந்தக் கம்பெனியின் ‘உரிமையாளர்’களும்கூட.

மலையேறி வந்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலோர் தலித்துகள். போடி வழியாகக் கங்காணிகளின் பின்னால் வந்தார்கள். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, மூணாறு அடங்கிய தேவிகுளமும் பக்கத்துப் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. ஒரே இரவில் இந்த மக்கள், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே, மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். கேரளத்தில் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் 1950க்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து லயத்திலேயே மடிந்த பாட்டனுக்கு என்ன பத்திரம் இருக்கும்? கம்பெனியின் செக்ரோல் புத்தகம், தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, கிடைத்தால் உண்டு.

தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2021இல் அங்கே வென்ற ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார். அவர் உண்மையில் பட்டியல் சாதியினர்தானா, கிறிஸ்தவரா என்று வழக்கு நடந்து, 2023இல் கேரள உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றியைச் செல்லாததாக்க, 2025இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. சிறுபான்மையினர் தலைமையை ஆராய்கிறவர் வினாத்தாளில் ‘சிறுபான்மையினரா: ஆம் / இல்லை’ என்று இரண்டு கட்டம் போடுவதற்கு முன் இந்த வழக்கை ஒரு முறை புரட்டலாம். இரண்டு நீதிமன்றங்கள் நாலு ஆண்டு மல்லுக்கட்டிய கேள்வி அது.

பெண் தலைமை அந்த மலைக்குப் புதிதா என்றால், இல்லை. 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்திலிருந்து வென்றவர் ரோசம்மா புன்னூஸ். அந்த வெற்றி நீதிமன்றத்தில் ரத்தாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. அப்போது பிரசாரத்துக்குப் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு மலையேறியவர் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். மறுபடியும் ரோசம்மாவே வென்றார். ஆனால் அவர் சமவெளியிலிருந்து வந்த மலையாளி, படித்த வழக்கறிஞர். கூடை சுமந்தவரல்ல. பெண் வேட்பாளருக்கு ஓட்டுப் போட அந்த மலை 1957லேயே தயாராக இருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்ணின் பேச்சைத் தலைமையின் பேச்சாகக் கேட்பதற்குத்தான் இன்னும் 58 ஆண்டுகள் ஆயின.

நிறுவைக் களத்தில்

தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிந்திருக்கும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. மருந்து அடிப்பது, கவ்வாத்து வெட்டுவது, பேக்டரியில் எந்திரத்தோடு நிற்பது ஆண்களின் வேலை. ஆண்களின் வேலை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பெண்கள் மாலைவரை மலைச்சரிவில் நிற்பார்கள். அந்தப் பெண்களை மேய்க்கும் சூப்பர்வைசர் ஆண். அவருக்கு மேலே இருப்பவர் ஆண். அவருக்கும் மேலே இருக்கும் ‘துரை’யும், அதாவது மேனேஜரும், ஆண். சங்கத்தின் தோட்டக் கன்வீனர் ஆண். மதியமே வேலை முடிகிறவருக்குத்தான் டவுனுக்குப் போய்ச் சங்க அலுவலகத்தில் உட்கார நேரம் இருக்கும் என்பதை எந்த அமைப்பு விதியிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

மூணாறு இல்லை, வேறொரு மலையில், பெயர் வேண்டாம், ஒரு தோட்டத்தில் நிறுவையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாக்குகள் வரிசையாகக் கிடக்கும். தராசில் மாட்டுவதும் எண்ணைக் கூவுவதும் ஆண்கள். மழை நாள் என்பதால் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. ஒவ்வொரு பெண்ணும் தன் எண்ணைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். தராசின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. சரிவில் இறங்கும்போதுதான் கவனித்தேன். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாவிடம் முன்னால் போகிறவர்களும் பின்னால் வருகிறவர்களும் தங்கள் கணக்கைக் கேட்டார்கள். காலை நிறுவையில் இன்னாருக்கு எவ்வளவு, மதியம் எவ்வளவு, போன வாரம் எந்த நாளில் யாருக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. இருபத்தைந்து பேரின் கணக்கு. பள்ளிக்கூடம் போனதில்லை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் தவறு இருந்தால் அவர் சொன்னால்தான் மற்றவர்கள் போய்க் கேட்பார்கள்.

அன்று இரவு என் வினாத்தாளைப் புரட்டினேன். அந்த அம்மாவின் பக்கத்தில், ‘பொறுப்பு / பதவி’ என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் ஒரு சிறு கோடு இருந்தது. இல்லை என்று பொருள்.

மூணாற்றுச் சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி: இவர்களை யார் திரட்டினார்கள்? எந்தச் சங்கமும் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை, நோட்டீஸ்கூட இல்லை. எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு பறிப்பு வரிசையில் இருபது முப்பது பெண்கள் நாள் முழுக்க அருகருகே நிற்கிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் இருப்பார். அவரை அடுத்த டிவிஷனில் இருக்கும் அவருடைய அக்காளுக்கும் நாத்தனாருக்கும் தெரியும். சங்கம் தன் கிளைகளை வரைபடத்தில் வைத்திருந்தது. இந்தக் கிளை எந்த வரைபடத்திலும் இல்லை.

ஒன்பது நாள்

தொடக்கம் போனஸ். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்தது, 2015இல் 10 சதவீதம் என்று கம்பெனி அறிவித்தது. தேயிலை விலை சரிந்தது, இலாபம் குறைந்தது என்பது கம்பெனியின் காரணம். இலாபம் குறைந்தது பொய்யில்லை. ஆனால் நாள் கூலி 232 ரூபாயாக இருக்கும் வீட்டில் போனஸ் என்பது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், அடகு வைத்த தோடு, மழைக்காலத்துக் கடன். பெண்கள் கேட்டது 20 சதவீதம் போனஸ். பின்னால் 500 ரூபாய் நாள் கூலி.

ஏ.ஐ.டி.யூ.சி., ஐ.என்.டி.யூ.சி., சி.ஐ.டி.யூ. என்று மூன்று பெரிய சங்கங்களும் அங்கே வேர்விட்டவை. கம்யூனிஸ்டு, காங்கிரஸ், மார்க்சிஸ்டு என்று மூன்று கொடிக்கும் பெண்கள் பல ஆண்டுகளாகச் சந்தா கொடுத்து வந்தார்கள். 10 சதவீதம் என்று வந்தபோது மூன்று கொடியும் அசையவில்லை என்பது பெண்களின் கோபம். சங்கத் தலைவர்கள் கம்பெனியின் வீட்டிலும் சலுகையிலும் வாழ்கிறார்கள் என்று வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்கள். சங்கங்கள் அதை மறுத்தன.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவர்கள் வேலைக்குப் போகாமல் டவுனுக்கு இறங்கினார்கள். கொச்சியிலிருந்து தனுஷ்கோடி போகும் நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் ஊர் ஒன்பது நாள் நின்றது. சங்கத் தலைவர்களை அண்டவிடவில்லை. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எஸ். ராஜேந்திரன், மார்க்சிஸ்டு கட்சிக்காரர், வந்தபோது விரட்டப்பட்டார். தங்கள் வீட்டு ஆண்களையும் கூட்டத்துக்குள் விடவில்லை. அவர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்களை விலக்கியதைப் பலர் ஆவேசம் என்று எழுதினார்கள். நான் அதைக் கணக்கு என்று பார்க்கிறேன். ஆண்கள் உள்ளே வந்தால் கூடவே கட்சி வரும், கட்சி வந்தால் சங்கம் வரும், சங்கம் வந்தால் பேச்சுவார்த்தை மேசையில் பழைய முகங்களே உட்காரும். வாசலிலேயே நிறுத்தியதால்தான் லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் போன்ற பெயர்கள் செய்தித்தாளுக்கு வந்தன. இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு பெயர்கள் இருந்திருக்கும், எல்லாம் ஆண் பெயர்கள்.

இதற்குள் இன்னொரு பேச்சும் கிளம்பியது. வெளியிலிருந்து தமிழ்த் தீவிரவாதிகள் தூண்டிவிடுகிறார்கள் என்று. சிறுபான்மையினர் தலைமையைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஒரு நாள் உட்காரலாம். பெரும்பான்மை மொழி பேசும் ஆண் போராடினால் அவன் தொழிலாளி. சிறுபான்மை மொழி பேசும் பெண் போராடினால் பின்னால் யார் என்று தேடுகிறார்கள். அவளுக்குத் தலை இருக்க முடியும் என்ற எண்ணமே வருவதில்லை.

அந்தக் கூட்டம் உள்ளே விட்ட சில அரசியல்வாதிகளில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் ஒருவர். 90 வயதைத் தாண்டிய அந்த மனிதர் செப்டம்பர் 13 அன்று வந்து, தீர்வு வரும்வரை நகர மாட்டேன் என்று பெண்களோடு உட்கார்ந்தார். அன்றே கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு நடந்து, 20 சதவீதம் கிடைத்தது.

அந்த 20 சதவீதம் எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். 8.33 சதவீதம் போனஸ். மீதி 11.67 சதவீதம் கருணைத் தொகை. 8.33 என்பது 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் எப்படியும் கொடுத்தாக வேண்டும் என்று அன்று சொன்ன குறைந்தபட்சம். அதற்கு மேல் ஒன்பது நாள் தார்ச்சாலையில் உட்கார்ந்து வாங்கியது ‘கருணை’ என்று பதிவானது. கம்பெனிக்கு இதனால் ஒரு வசதி: அடுத்த ஆண்டு இதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. பெண்கள் அந்தச் சொல்லைப் பற்றி அன்று சண்டை போடவில்லை. பணம் வந்தது, பாட்டும் ஆட்டமுமாக மலையேறினார்கள். நான் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவேன். வென்றவர்கள் யார் என்பதைச் சாலையில் பார்த்தோம். வெற்றியின் பெயரை எழுதிய பேனா யாருடையது?

மேசைக்கு வந்தபோது

கூலிப் பிரச்சினை தீரவில்லை. செப்டம்பர் கடைசியில் இரண்டாம் சுற்று தொடங்கியது. இந்த முறை சங்கங்கள் விழித்துக்கொண்டன. கேரளம் முழுக்கத் தோட்டத் தொழிலாளர்களுக்கு 500 ரூபாய் கேட்டு அவையும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. மூணாற்றில் ஒரு பக்கம் சங்கப் பந்தல், இன்னொரு பக்கம் பெம்பிளை ஒருமை. பெண்கள் எழுப்பிய கோரிக்கை மாநிலம் முழுக்கப் போனது அவர்களுடைய வெற்றிதான். அதே வேகத்தில் கோரிக்கை அவர்கள் கையைவிட்டும் போனது.

ஏனென்றால் கூலியைத் தீர்மானிப்பது பிளான்டேஷன் லேபர் கமிட்டி. அரசு, முதலாளிகள், அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் என்று மூன்று தரப்பு. பெம்பிளை ஒருமை அன்று பதிவு பெற்ற சங்கமல்ல. அந்த மேசையில் அதற்கு நாற்காலி கிடையாது. அக்டோபர் நடுவில் ஒப்பந்தம் வந்தது: நாள் கூலி தேயிலைக்கு 301 ரூபாய், ஏலக்காய்க்கு 330, ரப்பருக்கு 381. தேயிலையில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 21 கிலோவிலிருந்து 25 ஆனது.

ரப்பர் பால் வெட்டுவதில் ஆண்கள் நிறையப் பேர். தேயிலைக் கொழுந்து பெண்கள் கையில். 80 ரூபாய் வித்தியாசத்துக்குத் தொழிலின் பொருளாதாரம் என்று ஒரு விளக்கம் உண்டு. அதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த நாலு கிலோ? கமிட்டியில் இருந்தவர்களுக்கு அது ஓர் எண். சரிவில் நிற்கிறவருக்கு அது இன்னும் எத்தனை செடி, இன்னும் எவ்வளவு நேரம் என்பது. நான் பார்த்த அந்தக் கணக்கு அம்மாவைப் போல ஒருவர் மேசையில் இருந்திருந்தால் 301ஐ விடவும் 25ஐப் பற்றித்தான் முதலில் வாயைத் திறந்திருப்பார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான், நடக்காததற்குச் சான்று தர முடியாது.

2015 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். பெம்பிளை ஒருமை வேட்பாளர்களை நிறுத்தியது. கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு வென்றார். 2016 சட்டமன்றத் தேர்தலிலும் ஒருவரை நிறுத்திப் பார்த்தார்கள், எடுபடவில்லை. விரட்டப்பட்ட அதே ராஜேந்திரன் மறுபடியும் வென்றார். அமைப்புக்குள் விரிசல் விழுந்தது, முன்னணியில் நின்றவர்கள் பிரிந்தார்கள். 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி இந்தப் பெண்களை இழிவாகப் பேசியபோது கோமதி உள்ளிட்டோர் மூணாற்றில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015இன் கூட்டம் வரவில்லை.

பீர்பூம் சொல்வது

இந்தச் சரிவுக்குக் கையில் இருக்கும் சுலபமான விளக்கங்கள் இரண்டு. பெண்களுக்கு அனுபவமில்லை என்பது ஒன்று. கட்சிகள் உடைத்துவிட்டன என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்கு உதவியது மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு.

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. எந்தப் பஞ்சாயத்து என்பது சுழற்சியில், யார் விருப்பத்துக்கும் இடமில்லாமல் முடிவாகும். பொருளாதார ஆய்வாளருக்கு இது சோதனைக்கூடம் மாதிரி: ஒரே மாவட்டம், ஒரே மாதிரி ஊர்கள், வித்தியாசம் தலைவர் ஆணா பெண்ணா என்பது மட்டும். ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்ளோ இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெண் தலைவர்கள் இருந்த இடங்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவானதைக் கண்டார்கள். பெண்கள் அதிகமாக முறையிட்டதும் குடிநீரைப் பற்றித்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது 2009இல் லோரி பீமனும் டஃப்ளோவும் இன்னும் மூவரும் சேர்ந்து வெளியிட்டது. ஒரு தலைவரின் பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒரே பேச்சு. பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த ஓரவஞ்சனை பெரும்பாலும் கரைந்திருந்தது. ஆனால் முதல் முறையாகப் பதவிக்கு வந்த நிஜப் பெண் தலைவர்களை ஊர் குறைத்தே மதிப்பிட்டது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகுதான் பெண்கள் ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் நின்று வெல்வது கூடியது.

முதல் முறை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மதிப்பெண் குறைவு. இரண்டாவது முறையில்தான் காது திறக்கிறது. பஞ்சாயத்தில் அந்த இரண்டாவது முறையைச் சட்டமே உறுதி செய்தது. மூணாற்றில்? பெம்பிளை ஒருமைக்குக் கிடைத்தது ஒன்பது நாள். இரண்டாவது முறை என்று ஒன்று வரவே இல்லை. பிளான்டேஷன் லேபர் கமிட்டியில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஓர் இடம் என்று அன்றைக்கே எழுதியிருந்தால், முதல் ஐந்தாண்டு அவர்கள் தடுமாறியிருப்பார்கள், ‘பார்த்தீர்களா’ என்று எல்லோரும் சிரித்திருப்பார்கள், அடுத்த ஐந்தாண்டில் கதை வேறாகியிருக்கலாம். தோற்ற தலைமை என்று இதை ஆய்வேட்டில் எழுதுகிற மாணவரிடம் நான் கேட்பது இதைத்தான்: எத்தனை வாய்ப்பில் தோற்றார்கள்?

ஆராயப் போகிறவருக்கு

தோட்டத்தில் ஆய்வுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சங்க அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு, அவர்கள் காட்டுகிற ‘விவரம் தெரிந்த’ தொழிலாளியிடம் போகிறார்கள். விவரம் தெரிந்தவர் என்று காட்டப்படுகிறவர் நூற்றுக்குத் தொண்ணூறு ஆண். மாலை லயத்துக்குப் போனால், பெண் அடுப்படியில் இருப்பார், வாசலில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர் கணவர். ஒரு முறை ஒரு பெண்ணின் வேலை நேரம், கூலி, மேல்வலி எல்லாவற்றையும் அவருடைய கணவரே ஒரு மணி நேரம் எனக்குச் சொன்னார், மிகுந்த அன்போடு. உள்ளேயிருந்து ஒரே ஒரு முறை குரல் வந்தது. ஒரு கிலோக் கணக்கைத் திருத்துவதற்கு. அந்த ஒரு திருத்தம்தான் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்த நல்ல தகவல்.

மொழியும் ஒரு சுவர். கேரள ஆய்வாளர் மலையாளத்தில் கேட்டால் அரசாங்கத்தின் ஆள் என்று ஒரு பதில் வரும். தமிழ்நாட்டிலிருந்து போகிற நம்மைப் போன்றவர்கள் செந்தமிழில் கேட்டால் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சொல்கிற பதில் வரும். மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலேயே பிறந்து, பீர்மேட்டுத் தோட்டங்களைப் பற்றி எழுதியவர். அவர் எழுத்தைப் படிக்கும்போது, லயத்துக்குள் வளர்ந்தவர் கேட்கிற கேள்வியே வேறு என்பது தெரியும். நாம் அவராக முடியாது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டில் தொடங்கி, பறிப்பு வரிசையோடு ஒரு நாள் முழுக்கச் சரிவில் நின்று, நிறுவைக்கு இறங்கும்போது யாரிடம் யார் கணக்குக் கேட்கிறார்கள் என்று பார்க்க முடியும். அட்டை கடிக்கும், முட்டி வலிக்கும். வினாத்தாளை அன்று பையிலேயே வைத்திருங்கள்.

சங்கத்தாரிடமும் பேச வேண்டும். அவர்களை வில்லன்களாக்கி எழுதுவது சோம்பேறித்தனம். 1958இல் இதே மலையில் இதே போனஸ் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். அன்று சங்கம் சாலையில் நின்றது. அப்படி நின்ற சங்கம் எப்போது, எப்படி மேசைக்கு மட்டும் உரியதானது என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. கம்பெனிக் கணக்கையும் படிக்க வேண்டும்: தொழிலாளியே பங்குதாரராக இருக்கும் இடத்தில் போனஸைக் குறைக்கும் முடிவு எந்த அறையில், யார் கையெழுத்தில் நடக்கிறது என்பதற்கு.

இன்னொன்று, வீடு. லயத்து வீடு கம்பெனியுடையது. வீடு கொடுப்பதைக் கம்பெனியின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது குடும்பத்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க வேண்டும். ஐ.டி. நிறுவனத்தில் கேள்வி கேட்கிற பெண் வேலையை இழக்கலாம். தோட்டத்தில் கேள்வி கேட்கிற பெண் வேலையோடு கூரையையும் பணயம் வைக்கிறார். அந்த எடையைத் தராசில் போடாமல் இரண்டு இடத்துத் தலைமையையும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டார்கள். கண்ணன் தேவன் கம்பெனியின் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பூர்வீகம். ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் பினராயி விஜயன் பார்வையிட வந்தபோது மூணாற்றில் ஒரு பெண் சாலையில் நின்று அவரிடம் பேச வேண்டும் என்றார். கோமதி. இப்போது அவருக்குப் பின்னால் ஆயிரம் பேர் இல்லை. போலீஸ் அவரை அப்புறப்படுத்தியது. அவர் கேட்க வந்தது போனஸோ கூலியோ இல்லை. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் ஒரு வீடும்.